படகுக்குப் பக்கத்தில் ஒரு லேத்

தண்டவாளம் வந்ததும் டோரீன் காரை முழுசாக நிறுத்திவிடுவாள். கண்ணாடியை இறக்குவாள். அது போதாது என்று கதவையும் ஒரு சாண் திறந்து, தலையை வெளியே நீட்டி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்து, காதும் கொடுப்பாள். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர்களுக்கு அது சட்டம். டோரீன் பஸ் ஓட்டுவதை விட்டு ஆறேழு வருஷம் ஆகிறது. எங்கள் தெருமுனைத் தண்டவாளத்தில் ரயில் போவது நின்று அதைவிட அதிக காலம் ஆகிறது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு மேப்பிள் மரமே வளர்ந்து நிற்கிறது.

"மரம் இருந்தா ரயில் வராதுன்னு யாரு எழுதிக் குடுத்தா?" என்று கேட்பாள்.

வண்டியைத் திரும்ப எடுக்கும் முன் மேலே உள்ள கண்ணாடியில் பின் சீட்டைப் பார்ப்பாள். பின் சீட்டில் யாரும் இல்லை. காரில் இருப்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் ஒருத்திதான். இருந்தாலும், யாரும் எழுந்து நிற்கவில்லை என்று திருப்திப்பட்ட பிறகுதான் கிளம்புவாள்.

டோரீன் ஹால்வர்சன் எனக்கு எதிர்வீடு. ராக்ஃபோர்டில் இந்தத் தெருவுக்கு நான் குடிவந்த நாளிலிருந்து பழக்கம். குள்ளமான, அகலமான உருவம். நரைத்த முடியை ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருப்பாள். குளிர்காலம் முழுவதும் ஒரே பச்சை ஜாக்கெட். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. உயர்த்த வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. அவளிடம் ஒரு பார்வை இருக்கிறது. ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு, ரோட்டிலிருந்தும் கண்ணை எடுக்க முடியாமல், கண்ணாடி வழியாகவே கட்டி மேய்த்ததில் வளர்ந்த பார்வை. அது எங்கள் நாயின் மேல் வேலை செய்யும். பாங்கில் வேலை செய்யும். பிரசங்கத்தை நீட்டிக்கொண்டே போகும் பாதிரியார் மேல்கூட ஒருமுறை வேலை செய்து, அன்றைக்கு நாங்கள் சீக்கிரமே சாப்பிடப் போனோம்.

இப்படிப்பட்டவளுக்கு இரும்பு கடைகிற லேத் மேல் ஆசை வந்தது பஸ்ஸால்தான். பனி கொட்டிய ஒரு காலையில், பஸ் கதவைத் திறக்கிற நெம்புகோலின் பிடி கையோடு கழன்று வந்துவிட்டது. டிப்போ மெக்கானிக் புதுப் பிடி வாங்கிவர நேரமில்லை என்று, ஒரு இரும்புத் துண்டை லேத்தில் மாட்டிக் கடைய ஆரம்பித்தார். டோரீன் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆப்பிள் தோல் சீவற மாதிரி வருது. நீலக் கலர்ல, சுருள் சுருளா. இரும்பும்மா அது. அதுவரைக்கும் இரும்புன்னா இரும்பாவே இருக்கும்னுதான் நெனச்சிட்டிருந்தேன்" என்று என்னிடம் சொன்னாள். அன்று பிள்ளைகள் பனியில் காத்துக்கொண்டு நின்றார்கள். அவள் வேலைக் காலத்தில் பஸ் தாமதமாகப் போனது அந்த ஒருநாள்தான். ஒரு தாயார் மனுகூட எழுதிப்போட்டார். டோரீன் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். பிடி முன்னமே தயாராகிவிட்டதையும், மாற்றுக்கு இருக்கட்டும் என்று இன்னொன்று செய்யச் சொல்லி உட்கார்ந்து பார்த்ததையும் மட்டும் அந்தத் தாயாரிடம் சொல்லவில்லை.

ஆசையை வருஷக்கணக்கில் யாரிடமும் மூச்சுவிடாமல் வைத்திருந்தாள். ஓய்வு பெற்ற மறு மாதம் கம்யூனிட்டி காலேஜில் சாயங்கால வகுப்பில் சேர்ந்துவிட்டாள். அங்கே முதல் பாடம், தொங்குகிற எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்பது. முழுக்கை கூடாது, சங்கிலி கூடாது, மோதிரம் கூடாது. அவள் கல்யாண மோதிரம் விரலோடு ஊறிப்போயிருந்தது. சோப்புப் போட்டு, எண்ணெய் போட்டு ஒரு வழியாகக் கழற்றிச் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டாள். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவளுடைய கணவர் வெர்ன் அந்த வெறும் விரலை ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, "என்னைத்தான் கழட்டிட்டியோன்னு நெனச்சேன்" என்றாராம். அவள் விஷயத்தைச் சொன்னதும், "லேத்தா? அப்ப சரி" என்று உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டாராம்.

வெர்ன் அதிகம் பேசாத மனிதர். காலமெல்லாம் பீர் லாரி ஓட்டினார். ஓய்வுப் பணத்தில் ஒரு மீன்பிடிப் படகு வாங்கி, பக்கவாட்டில் நீல எழுத்தில் "டோரீன்" என்று எழுதினார். ஒன்றிரண்டு கோடையில் ஏரியில் விட்டார். அப்புறம் முட்டி மடங்க மறுத்துவிட்டது. படகு டிரெய்லரோடு கராஜில் நின்றது. அவர்களுடைய கார் வெளியே பனியில் நின்றது. சாயங்காலம் ஆனால் வெர்ன் கராஜுக்குப் போய், சின்ன ஏணி வைத்துப் படகில் ஏறி, சுழல் சீட்டில் உட்கார்ந்து ரேடியோவில் பேஸ்பால் கேட்பார். வீட்டுக்குள் கேட்டால் அவருடைய டீம் ஆட்கள் தோற்றுவிடுகிறார்களாம். படகில் கேட்டாலும் தோற்கத்தான் செய்தார்கள். ஆனால் அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

படிப்பு முடிந்ததும் காலேஜ் லேத்தைத் தொட முடியாமல் போயிற்று. டோரீனுக்குக் கை அரிக்க ஆரம்பித்தது. சொந்தமாக ஒன்று வாங்கப் போவதாக, ஊரே கூடிச் சாப்பிடும் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தில் வைத்துச் சொன்னாள். எங்கள் ஊரில் எந்த ரகசியத்தையும் வெள்ளிக்கிழமை மீன் வறுவலில் சொன்னால் போதும், தனியாகத் தண்டோரா தேவையில்லை. எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். லேத்தை வைத்து என்ன செய்யப் போகிறாய்? அவள், "பார்க்கலாம்" என்றாள். இந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. பீரங்கி செய்யப் போகிறாள் என்று ஒருவர் சொன்னார். வெர்னின் சிநேகிதர் லைல், "வெர்ன், எதுக்கும் கதவத் தாழ் போட்டுப் படு" என்றார். வெர்ன் மீனில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தார்.

லேத் வைக்க இடம் கராஜில்தான் உண்டு. லைலுடைய பண்ணைக் கொட்டகையில் படகை விட்டுவைக்கலாமே என்று டோரீன் ஒருமுறை கேட்டாள். வெர்ன், "படகு எங்கியும் போகாது" என்றார். அவ்வளவுதான் சண்டை. அடுத்த நாள் கராஜ் தரையில் சாக்பீஸ் கோடுகள் இருந்தன. படகை இடது மூலைக்கு ஒதுக்கி மூக்கைச் சுவரோடு ஒட்டிவிட்டால், வலது சுவர் ஓரமாக லேத் நிற்கும். ஆனால் உள்ளே வரும்போது படகின் பின்பக்க மோட்டாரைச் சுற்றி ஒரு திருப்பு திருப்ப வேண்டும். இது நடக்கிற காரியமா என்று நான் கேட்டேன். "இந்த ஊர்ல முட்டுச்சந்து ஒண்ணு விடாம பஸ்ஸத் திருப்பியிருக்கேன்" என்றாள். நானும் அந்தக் கோடுகளைப் பார்த்துத் தலையாட்டினேன்.

ஃப்ரீபோர்ட்டைத் தாண்டி ஒரு பண்ணையில் லேத் இருப்பதாக விளம்பரம் வந்தது. கிளாரன்ஸ் நிப்பர்ட் என்ற பெரியவருடையது. அரிசோனாவில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போகிறார். விளம்பரம் கொடுத்தது மகள். லேத்தை விற்க அவருக்கே மனமில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. வந்தவர்களையெல்லாம் ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் நாங்கள் இருவரும் போனோம். பட்டறைக் கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். எண்பது தாண்டிய, கம்பி மாதிரி மெலிந்த மனிதர்.

"வீட்டுக்காரர் எங்கம்மா?"

"படகுல இருக்கார்" என்றாள் டோரீன்.

மீன் பிடிக்கப் போயிருக்கிறார் என்று அவர் எடுத்துக்கொண்டார். கரைக்கு வந்ததும் கூட்டிக்கொண்டு வா, பேசிக்கொள்ளலாம் என்றார். கரைக்கு வர மாட்டார், படகு கராஜில் இருக்கிறது என்று டோரீன் விளக்கினாள். பெரியவர் என்னைப் பார்த்தார். உண்மைதான் என்று நானும் சொன்னேன். அதற்குமேல் அந்த விஷயத்தை அவர் தொடவில்லை.

லேத் உள்ளே ஜன்னல் வெளிச்சத்தில் நின்றது. ஆள் நீளத்தைவிட அதிகம். பச்சைப் பெயிண்ட். எடை ஒரு சின்னக் காருக்குக் குறையாது. அதிலும் பாரமெல்லாம் ஒரு கோடியில், தலைப் பக்கத்தில். பெரியவர் அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே பேசினார். முன்னால் வந்தவர்களைப் பற்றிச் சொன்னார். ஒருவன் பொம்மை ரயில் எஞ்சின் செய்வானாம். ஒருவன் துப்பாக்கி. ஒருவன் இதை மெருகேற்றித் தன் ஹோட்டல் வாசலில் அலங்காரத்துக்கு வைப்பானாம். கடைசியாக வந்த ஆள் எதுவும் செய்கிற யோசனையில் இல்லை. பாகம் பாகமாகப் பிரித்து விற்கிற வியாபாரி. அவன்தான் திங்கட்கிழமை திரும்பி வரப்போகிறான். மகள் அவனுக்கே கொடுத்துவிடச் சொல்லிவிட்டாள். இவ்வளவும் சொல்லிவிட்டு, டோரீன் என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டார்.

தெரியாது என்றாள். முதலில் சுருள் வர வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்றாள்.

அவருக்கு அது விளையாட்டாகப் பட்டிருக்க வேண்டும். கை போனவர்கள், தலைமுடி மாட்டியவர்கள் கதையை வரிசையாக எடுத்துவிட்டார். "இது தையல் மெஷின் இல்லம்மா. பொம்பளைங்க சமாசாரம் வேற, இது வேற" என்று தொடங்கினார். டோரீன் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான். பெரியவர் வாக்கியத்தின் நடுவிலேயே நின்றார். சுற்றும்முற்றும் பார்த்து, பக்கத்தில் இருந்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தார். நாலாம் வகுப்புப் பையன் மாதிரி முட்டிகளைச் சேர்த்து, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தார். ஏன் உட்கார்ந்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை என்று நினைக்கிறேன்.

டோரீன் கைப்பையைத் திறந்து, சமையலறைத் துண்டில் சுற்றிய ஓர் இரும்புக் கம்பியை எடுத்தாள். ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் தலையை அசைத்தார். ஓட்டுவதற்கு முன், வெட்டும் கருவி நகர்ந்து போகிற நீளமான தண்டவாளத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். தலைப் பக்கம் வந்ததும் நகம் தட்டிற்று.

"இங்க தேஞ்சிருக்கு" என்றாள்.

"நானுந்தான்" என்றார் கிளாரன்ஸ்.

கம்பியை மாட்டி ஓட்டினாள். முதலில் பிசிறுபிசிறாகத்தான் வந்தது. கருவியை ஒரு பொட்டு உயர்த்தி வைத்தாள். அதன் பிறகு சுருள் வந்தது, சத்தமில்லாமல், நீளமாக, முனையில் நீலம் ஏறி. அவள் வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கிளாரன்ஸும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திரம் நின்றதும், எப்போது தூக்கிப் போகிறாய் என்று மட்டும் கேட்டார். விலையில் பேரம் எதுவும் நடக்கவில்லை. நாங்கள் காரில் ஏறிய பிறகு பின்னாலேயே வந்து ஜன்னலில் குனிந்தார். "கீழ மட்டும் போட்டுடாத" என்றார்.

தூக்கி வருவதற்கு டேல் ருஜேரி வந்தான். ரிப்பேரான கார்களை இழுத்துப் போகும் லாரி வைத்திருக்கிறான். நாற்பது தாண்டியவன், நெஞ்சுவரை தாடி. ஏழாம் வகுப்பில், பஸ்ஸின் பின் ஜன்னல் வழியாகச் செருப்பை எறிந்ததற்காக, வருஷம் முழுவதும் டோரீனுக்கு நேர் பின்னால் முதல் சீட்டில் உட்கார்த்தி வைக்கப்பட்டவன். "மிஸ், நான் எங்க உக்காரணும்?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினான். அவள் சிரிக்காமல் இடத்தைக் காட்டினாள்.

பண்ணையிலிருந்து எங்கள் தெருவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. அடியில் இரண்டு கனமான மரச் சட்டங்களை முடுக்கி, லாரியின் சாய்தளத்திலிருந்து மெல்ல இறக்கி, இரும்புக் குழாய்களை உருளையாகப் போட்டு கராஜை நோக்கித் தள்ளினார்கள். எனக்கு டோரீன் தன் பஸ் காலத்து 'நில்' பலகையைக் கொடுத்துத் தெருவில் நிறுத்தியிருந்தாள். அந்த நேரத்தில் தெருவில் வந்தது தபால் வண்டி ஒன்றுதான். பலகையைக் காட்டினேன். தபால்காரர் இறங்கி, என் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்.

கராஜ் வாசலில் வெர்ன் நின்றார். லேத் வேண்டும் என்றும் அவர் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. ஆனால் கையுறை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். திருப்பவேண்டிய இடம் வந்தது. டோரீன் கையால் சைகை காட்டி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மோட்டாரைச் சுற்றித் திருப்பச் சொன்னாள். பாதித் திருப்பில் ஓர் உருளை வாசல்படி விரிசலில் இறங்கியது. மரச் சட்டம் முனகியது. லேத் தலைப் பக்கமாகச் சாய ஆரம்பித்தது. அந்தப் பக்கம் நின்றது வெர்ன்.

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்து முட்டுக் கொடுத்தார். பீர் பீப்பாய்களை அப்படித்தான் பிடித்திருப்பார்.

"வெர்ன், கைய எடு" என்றாள் டோரீன்.

அவர் எடுக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது.

"கைய எடு."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டும் பிள்ளைக்குச் சொல்கிற அதே குரல். அவர் கையை எடுத்தார். பின்னால் ஓர் எட்டு வைத்து, படகு டிரெய்லர் தடுக்கி, உட்கார்ந்தபடி விழுந்தார். லேத் அவசரப்படவில்லை. மாடு படுப்பது போல ஒரு பக்கம் இறங்கி, கடைசி முழத்தை மட்டும் ஒரேயடியாக முடித்துக்கொண்டது. என் காலடித் தார் நடுங்கியது. அதன் கைச்சக்கரத்தின் பிடி ஒடிந்து, உருண்டு தெருவுக்கு வந்தது. தபால்காரர் அதைச் செருப்பால் நிறுத்தினார்.

வெர்னின் பாதங்கள் இருந்த இடத்தில் சிமென்ட் குழிந்து போயிருந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பிடிச்சிருப்பேன்" என்றார் வெர்ன், தரையில் உட்கார்ந்தபடியே.

"அப்புறம் எத வச்சு நடந்திருப்ப?" என்றாள் அவள். லாரியின் பின்கட்டையில் போய் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். தான்தான் திருப்பச் சொன்னது, தான் போட்ட கணக்குதான் தப்பு என்றாள். டேல் அவளைத் தேற்ற நினைத்தான் போலிருக்கிறது. "படகு இல்லேன்னா நேரா போயிருக்கும் மிஸ்" என்றான். வெர்ன் திரும்பிப் படகைப் பார்த்தார்.

டேல் லேத்தைச் சங்கிலி போட்டு நிமிர்த்தி, வாசல் பாதையிலேயே நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போனான். அன்று மாலையே மழை. டோரீன் வெளியே வரவில்லை. மறுநாளும் ஜன்னல் திரை விலகவில்லை. நான் மக்ரோனியும் சீஸும் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். சமையல் மேடையில் சாய்ந்து, நின்றபடியே சாப்பிட்டாள். அந்தப் பாகம் பிரிக்கிற வியாபாரியைக் கூப்பிட்டுவிடலாம் என்று இருப்பதாகச் சொன்னாள். லேத் போவதைப் பற்றி ஒன்றுமில்லை என்றாள். பொய். கொஞ்ச நேரம் கழித்து, "வெர்ன் கையில சாமான் கனமே இல்லாத மாதிரி நின்னான் தெரியுமா. விட மாட்டான்னு நெனச்சேன். ரெண்டாவது தடவையும் விடலேன்னா எனக்கு மூணாவது வார்த்தையே கிடையாது" என்றாள். அதற்குப் பிறகு மக்ரோனியில் உப்பு சரியாக இருக்கிறது என்றாள்.

ஓரிரு நாள் கழித்து, காலையில் இரும்பு உரசும் சத்தம் கேட்டு ஜன்னலுக்குப் போனேன். வெர்ன் தனியாளாகப் படகு டிரெய்லரைத் தன் பிக்கப்போடு மாட்டிக்கொண்டிருந்தார். மடங்காத முட்டியோடு குனியவும் முடியாமல், ஒரு காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து கொக்கியைப் போட்டார். தார்ப்பாய் மூடிய லேத்தை இடிக்காமல், புல்தரை வழியாக ஓட்டி வெளியேறினார். மத்தியானம் வெறும் பிக்கப் திரும்பி வந்தது. பின்னால் படகின் சுழல் சீட்டு மட்டும் கிடந்தது. கழற்றிக்கொண்டு வந்திருந்தார்.

டோரீன் வீட்டுச் செருப்போடு வெளியே வந்து காலியான கராஜைப் பார்த்தாள். படகை விற்றுவிட்டாயா என்று கேட்டாள். இல்லை, லைல் கொட்டகையில்தான் நிற்கிறது, லைல் வேண்டுமானால் ஏரிக்கு எடுத்துப் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன் என்றார்.

"பேரு?"

"பேர அழிச்சா படகு வீட்டுக்கு வந்துடும்னு சொல்லியிருக்கேன்."

அவள் தலையாட்டிவிட்டு, டேலுக்குப் போன் செய்ய உள்ளே போனாள். இந்தமுறை லேத் நேராகப் போய், சாக்பீஸ் கோட்டுக்குள் நின்றது.

அடிபட்டதைக் கணக்கெடுக்க அவள் பெயிண்ட்டைச் சுரண்டத் தொடங்கினாள். பிடி ஒடிந்திருந்தது, பல்சக்கர மூடி பிளந்திருந்தது, ஒரு நீளத் தண்டு லேசாக வளைந்திருந்தது. முதுகெலும்பு மட்டும் முழுசாக இருந்தது. ஆனால் தலைப் பக்கக் காலில், பச்சைப் பெயிண்ட்டுக்கு அடியில் ஒரு பித்தளை நிற வடு வந்தது. கோணலாக, கை நீளத்துக்கு. இந்த வாரத்துக் காயம் இல்லை. யாரோ எப்போதோ உடைந்த காலை ஒட்டி, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

கிளாரன்ஸுக்கு எப்படியும் அவள் சொல்லியே ஆகவேண்டியிருந்தது. அரிசோனாவுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். கையில் கிரீஸ் என்பதால் போனை மேஜையில் வைத்துச் சத்தமாகப் போட்டிருந்தாள்.

"கீழ போட்டுட்டேன்" என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல்.

அந்தப் பக்கம் டிவி சத்தம் மட்டும் கேட்டது.

"யாருக்காவது அடியா?"

"இல்ல."

"எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

"தலைப் பக்கம்."

"அது அப்படித்தான் விழும்" என்றார் கிளாரன்ஸ்.

டோரீன் வடுவைப் பற்றிச் சொன்னாள். மறுபடியும் டிவி. பிறகு பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாங்கிய வருஷமே தானும் அதைக் கொட்டகை வாசலில் கவிழ்த்ததாகச் சொன்னார். ஒட்டிப் பெயிண்ட் அடித்துவிட்டாராம். அவர் மனைவிக்கே தெரியாதாம். விற்கும்போது சொல்லியிருக்கலாமே என்றாள் டோரீன். சொல்லியிருந்தால் நீ வாங்கியிருப்பாயா என்றார் அவர். "வாங்கியிருப்பேன். ஆனா அந்தப் பக்கம் வெர்ன நிக்க விட்டிருக்க மாட்டேன்" என்றாள். போனை வைக்கும் முன், வளைந்த தண்டை நிமிர்த்துவது எப்படி என்று கேட்டாள். அவர் சொல்லத் தொடங்கினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் சொன்னார். அதற்குள் நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நிமிர்த்த, ஒட்ட, தரைக்கு நேராக நிறுத்த என்று அந்தக் குளிர்காலம் போயிற்று. மீன் வறுவலில் தினுசு தினுசாக விசாரித்தார்கள். பிப்ரவரியில் அவள் முதல் சாமானைச் செய்து முடித்தாள். ஒடிந்துபோன கைச்சக்கரத்தின் பிடி. அந்தப் பிடியைக் கடையும்போது சக்கரத்தைச் சுற்றப் பிடி இல்லாததால், ஒடிந்த இடத்தில் ஓர் இடுக்கியைக் கவ்வவைத்துச் சுற்றினாளாம். செய்தி பரவிற்று. ஒரு லேத்தை வாங்கி, கீழே போட்டு, நிமிர்த்தி, கடைசியில் அந்த லேத்துக்கே ஒரு பிடி செய்தாயா என்று லைல் கேட்டார். அதற்குத்தானே வேண்டியிருந்தது என்றாள் டோரீன்.

பிடியைப் பார்க்க நானும் போனேன். நன்றாகவே வந்திருந்தது, உள்ளங்கைக்குப் பாந்தமாக, ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் வழுக்கலாக. இன்னொன்று செய்துகொண்டிருந்தாள். மாற்றுக்காம். கராஜில் குளிருக்கு மின்சாரக் கணப்பு ஒன்று சிவந்து எரிந்தது. வெர்ன் சுழல் சீட்டை ஒரு மரக்கட்டையில் முடுக்கி, லேத்துக்குப் பின்னால் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். முழங்காலில் ரேடியோ. பேஸ்பால் தொடங்க இன்னும் நாள் இருந்தது. அதில் யாரோ மக்காச்சோள விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். லேத் ஓடும்போது அதுவும் காதில் விழாது. அவர் சத்தத்தைக் கூட்டவும் இல்லை, அணைக்கவும் இல்லை. கையில் காபிக் கோப்பை.

டோரீன் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தாள். சுருள் நீண்டு வந்து, அறுந்து, ஒரு துண்டு வளைவாக எகிறி, வெர்னின் கோப்பைக்குள் விழுந்து சுர்ரென்றது. அவள் கவனிக்கவில்லை. வெர்ன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு விரலை விட்டு அந்த நீலச் சுருளை எடுத்து, உதறி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மிச்சக் காபியைக் குடித்தார்.